பால்காரத் தியாகுவின் குவளை

தியாகுவை நான் முதலில் பார்த்தது 1958 ஜனவரியில், மலாக்காவில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை. காஜா பெராங்கில் மக் காமாட்சி வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தேன். மக் காமாட்சி மலாக்காச் செட்டி இனத்தவர். அவர்களுக்குப் பெயரும் சாமியும் தமிழ், வீட்டுப் பேச்சு முழுக்க மலாய். 'மக்' என்றால் அம்மா. அந்தச் சந்தில் எல்லோருக்குமே அவர் மக்தான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, கழுத்தில் டை என்று நான் வாசலில் இறங்கியபோது, பால்தூக்கோடு எதிரே வந்த ஒருவன் என்னைக் கண்டதும் நின்றான். தூக்கைத் தரையில் வைத்தான். இரண்டு கைகளையும் மார்பில் கட்டி, முதுகை நிமிர்த்தி, "நல்லா இருக்கேன் ஐயா" என்றான்.

நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் மனம் குளிர்ந்தது என்பதை மறைக்க முடியாது. மாச்சாப் பக்கத்துக் கம்பம் ஒன்றில், சிற்றூரில், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பம் எங்களுடையது. கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். சிங்கப்பூரில் அங்கியோடு எடுத்த படத்தை அப்பா சாமிப் படங்களுக்கு நடுவில் மாட்டி வைத்திருந்தார். ஆகவே, படித்தவனுக்கு ஊரில் இப்படி ஒரு மரியாதை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று அந்த மரியாதை நாள் தவறாமல் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கைலியும் பனியனுமாக வாசலில் நின்றேன். அதே ஆள், அதே தூக்கு. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்ப் பாலை ஊற்றிவிட்டு, எதையோ முனகிப் பாடிக்கொண்டே போய்விட்டான். அப்போதுதான் விளங்கியது, அவன் வணக்கம் எனக்கல்ல, என் கால்சட்டைக்கு.

தியாகுவுக்கு அப்போது இருபத்தாறு வயது. உடம்பு ஆண்பிள்ளை உடம்பு; புத்தி அஞ்சாறு வயதோடு நின்றுவிட்டது. சந்துக்காரர்கள் 'அரைக்கிறுக்கு' என்பார்கள், அவன் காது படவே சொல்வார்கள், கெட்ட எண்ணத்தோடு அல்ல. அக்காள் பொன்னம்மா வீட்டில் இருந்தான். அவள் கணவர் சுப்பையன் கோவிலுக்குப் பின்னால் ஏழு மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்தவர். கறப்பது சுப்பையனும் பொன்னம்மாவும். வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றுவது தியாகு.

எண்ணத் தெரியாதவன் எப்படிப் பால் ஊற்றுவான் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஒன்று, இரண்டு வரைக்கும் அவனுக்குத் தெரியும். அதற்கு மேல் எல்லாமே 'நெறைய'. பொன்னம்மா ஒவ்வொரு வாடிக்கை வீட்டிலும் ஒரு பாத்திரத்தைக் குறித்து, அதன் காதில் நூல் கட்டியிருந்தாள். சிவப்பு நூல் என்றால் அலுமினியக் குவளையால் ஒரு முறை. பச்சை என்றால் இரண்டு முறை. இரண்டு நூலும் இருந்தால் சிவப்புக்கு ஒருதரம் ஊற்றி, பச்சைக்கு மறுபடி ஊற்றுவான். மூன்று குவளை சரியாக விழும். நான் பார்த்தவரையில் ஒருநாளும் பிசகியதில்லை.

வீடுகளை அவன் அடையாளம் வைத்திருந்தது சத்தத்தைக் கொண்டு. தையல் இயந்திரம் ஓடும் வீடு, கதவு கிறீச்சிடும் வீடு, கூண்டுப் புறா கத்தும் வீடு, வானொலிப் பெட்டி பாடும் வீடு. அவனைப் பொறுத்தவரை மக் காமாட்சி வீடு உரலில் மிளகாய் இடிக்கும் வீடு. தெங்கேராவில் மலாய் பேசும் சீனரான ஒரு பாபா வீட்டில் கிழ நாய் ஒன்று இருந்தது. அது செத்த மறுநாள் தியாகு அந்த வரிசையில் மேலும் கீழுமாக ஒரு மணி நேரம் தூக்கோடு நடந்திருக்கிறான். பால் திரிந்துபோய்த் திரும்பி வந்தவனைப் பார்த்து சுப்பையன், "என்னா மச்சான், நாய் லீவு போட்டா நீயும் லீவா?" என்று கேட்டார். மறுநாள் அந்த வீட்டுக்காரரிடம் பேசி, வாசல் நிலையில் ஒரு சின்ன மணியைக் கட்டச் சொன்னதும் அதே சுப்பையன்தான். காற்றடித்தால் ஒலிக்கும். வேலை மறுபடி நடந்தது.

அந்த வணக்கத்தின் கதையைப் பொன்னம்மாதான் சொன்னாள். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே சொன்னாள். அவர்கள் பிறந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். பக்கத்து வரிசையில் இதே மாதிரி ஒரு பையன் இருந்தான். ஒருநாள் துரையும் டிரஸ்ஸரும் லயத்தைப் பார்வையிட வந்தார்கள். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்தில் ஊசி போடுகிற, மருந்து கொடுக்கிற ஆள். அந்தப் பையனிடம் ஏதோ கேட்டார்கள். அவன் விழித்தான், அழுதான். ஒரு துண்டுக் காகிதம் எழுதி, அடுத்த வாரம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே என்று அவன் தாய்க்கு யாரும் சொல்லவில்லை. அவன் திரும்பி வரவுமில்லை.

அன்றிலிருந்து பொன்னம்மாவின் தாய் தியாகுவுக்குப் பாடம் நடத்தினாள். கால்சட்டை போட்ட யார் வந்து எதைக் கேட்டாலும் கையைக் கட்டி நிமிர்ந்து நின்று, 'நல்லா இருக்கேன் ஐயா' என்று சொல்லவேண்டும். தினமும் சாயங்காலம், சோறு போடுவதற்கு முன்னால் சொல்லவேண்டும். சொன்னால்தான் சோறு. இரண்டு வருஷம் ஆயிற்றாம் அது பதிய. அதற்குப் பிறகு துரை எத்தனையோ முறை வந்தார். தியாகு சொன்னான். துரை தலையாட்டிவிட்டுப் போனார். அவன் ஒன்பது வயதில் புல்வெட்டு வேலைக்கும் பெயர் கொடுத்தார்கள்.

"அந்த ஒரு வார்த்தைதான் சார் அவன லாரியில ஏத்தாம வச்சிருந்துச்சு" என்றாள் பொன்னம்மா.

ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். தாய் வீக்கம் கண்டு செத்தாள். பொன்னம்மா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுப்பையனுக்கு வாழ்க்கைப்பட்டு மலாக்காவுக்கு வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தியாகு சாப்பிடவும் குளிக்கவும் உறங்கவும் அவள் ஒரு ஒழுங்கு வைத்திருந்தாள். வலியைக் கண்டுபிடிக்கவும் ஒரு வழி வைத்திருந்தாள். 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டால் அவனுக்குப் பதில் சொல்ல வராது. சின்ன வயதில் விழுந்து வீங்கினால் தாய் குளிர்ந்த குவளையை அந்த இடத்தில் வைத்து அழுத்துவாளாம். அதனால் அவன் முகம் சுருங்கினால் பொன்னம்மா குவளையில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி அவன் கையில் கொடுப்பாள். வலிக்கிற இடத்தில் அவனே வைத்துக்கொள்வான். முழங்காலில் வைத்தால் முழங்கால். வயிற்றில் வைத்தால் ஓமத் தண்ணீர். அந்த வீட்டில் அதுதான் வைத்தியப் பரிசோதனை.

1958 ஜூலைக் கடைசியில் அவன் பாட்டு நின்றது. பிறகு சிவப்பு நூல் பாத்திரத்தில் இரண்டு குவளை ஊற்றினான். தையல் இயந்திர வீட்டைத் தாண்டிப் போனான். கறவை முடிந்த பின்னாலும் கொட்டகையில் மாட்டின் வயிற்றில் தலையின் இடது பக்கத்தை அழுத்திக்கொண்டு நின்றான். மாட்டு வயிறு வெதுவெதுப்பாக இருக்கும். பொன்னம்மா குவளையைக் கொடுத்தாள். இடது காதில் வைத்தான். எடுக்கவே இல்லை.

பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். மூன்றாம் நாள் சீழ் வந்தது. ஆகவே மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். எந்த மருத்துவமனை என்று நான் எழுதப்போவதில்லை. தங்கள் பக்கத்தைச் சொல்ல, அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று அங்கே இல்லை. போவதற்கு முன் அவள் அவனைக் குளிப்பாட்டினாள். தலைவாரி விட்டாள். காதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டாள். கொட்டகை நாற்றத்தோடு போனால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம். அதனால் வெளியில் தெரிந்திருக்கக்கூடிய சீழும் போயிற்று.

வெளிநோயாளிப் பகுதியில் இருந்த டிரஸ்ஸர் வெள்ளைக் கால்சட்டை அணிந்திருந்தார். தியாகுவைப் பார்த்து என்ன செய்கிறது என்று தமிழிலேயே கேட்டார். தியாகு எழுந்து நின்றான். கையைக் கட்டினான். வலியில் கண் கலங்கியிருக்க, "நல்லா இருக்கேன் ஐயா" என்றான். பொன்னம்மா காது என்றாள். டிரஸ்ஸர் காதருகே கையைக் கொண்டு போனார். தியாகு தட்டிவிட்டான்.

"ஆளு நல்லா இருக்கேங்கறான். நீ எதுக்கும்மா ஒப்பாரி வைக்கிற? இந்த மாதிரி ஆளுங்க சும்மா தலையப் பிடிச்சிக்குவாங்க. கூட்டிட்டுப் போ" என்றார். வெள்ளை மாத்திரை கொடுத்தார்.

இரண்டாவது தடவையும் இதேதான் நடந்தது. அதற்குள் தியாகு உறங்குவதை விட்டிருந்தான். தலையைக் கொட்டகைத் தூணில் மோதினான். தடுக்க வந்த சுப்பையனைத் தள்ளினதில் அவர் விழுந்து மணிக்கட்டு பிசகியது. மூன்றாவது தடவை போகும்போது பொன்னம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். "சார், நீங்க இங்கிலீசுல பேசினா கேப்பாங்க" என்றாள். ஆகஸ்டு இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை.

டையைக் கட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். நல்ல மனிதர், களைத்த மனிதர். என்ன படித்தேன், எந்த ஆண்டு என்று கேட்டார். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பொன்னம்மா நின்றாள். தியாகுவை இரண்டு பணியாளர்கள் பிடித்திருந்தார்கள். அவன் கையைக் கட்ட முயன்றுகொண்டே இருந்தான், பிடித்திருந்ததால் முடியவில்லை. டாக்டர் மலாயில் கேட்டார். அவன் சொன்னான். டாக்டர் மறுபடி கேட்டார். அவன் மறுபடியும் அதையே சொன்னான்.

பொன்னம்மா என் பக்கம் குனிந்து, "குவளையக் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க சார். எங்க வைக்கிறான்னு பாத்தாப் போதும்" என்றாள். கையில் கொண்டுவந்திருந்தாள்.

நான் டாக்டரிடம், காதில் ஏதோ கோளாறு என்று இவர்கள் கருதுகிறார்கள் என்று சொன்னேன். குவளையைச் சொல்லவில்லை. அந்த அறையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பால் அளக்கிற குவளையால் நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் காதைப் பார்க்க விளக்கோடு கிட்டே போனார். தியாகு தலையை உதறி, பிடித்திருந்த கையைக் கடித்தான். டாக்டர் விளக்கை வைத்துவிட்டார். முதலில் ஆள் அமைதியாகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். ஊசி போட்டார்கள். வார்டுக் கோடியில் இருந்த கம்பிக் கதவு அறைக்குக் கொண்டுபோனார்கள். மூளை சரியில்லாமல் முரண்டு பிடிக்கிறவர்களை வைக்கிற அறை. அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை.

கூட இருக்கிறேன், தரையில் படுத்துக்கொள்கிறேன் என்று பொன்னம்மா கெஞ்சினாள். ஆண்கள் வார்டில் பெண்பிள்ளை இருக்கக்கூடாது என்றார்கள். நான்தான் அவளைச் சமாதானப்படுத்தி வெளியே கூட்டி வந்தேன். படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் அக்கா, நாம் குறுக்கே நின்றால் அவர்களுக்கும் இடைஞ்சல் என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

அவள் கறவை முடித்து, தம்பி போகவேண்டிய வீடுகளுக்கெல்லாம் தானே பால் ஊற்றிவிட்டு, பத்து மணிக்கு மருத்துவமனை வாசலுக்குப் போவாள். குவளை கையில் இருக்கும். மதியக் கறவைக்குத் திரும்புவாள். நாலு மணிக்கு மறுபடி போவாள். உள்ளே விடமாட்டார்கள். அந்தக் கம்பிக் கதவு அறை கட்டடத்தின் பின்பக்கம். வாசலில் நின்றால் எதுவும் கேட்காது. ஆனாலும் நின்றாள். காவலாளி மருதமுத்துவிடம் குவளையைக் கொடுத்து உள்ளே சேர்க்கச் சொன்னாள். நோயாளிக்கு உலோகச் சாமான் கொடுக்கக்கூடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "நான் என்னக்கா பண்ண? குடுத்தா என் வேலை போயிடும். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்புடு" என்று மருதமுத்து சொல்லிப் பார்த்தான். அவள் போகவில்லை.

ஐந்தாம் நாள் நான் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். எழுதுவதற்கு இரண்டு மாலைப் பொழுது பிடித்தது. மனவளர்ச்சி குன்றியவர்களும் இந்தச் சுதந்திர நாட்டின் குடிமக்களே என்று தொடங்கி எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பெயருக்குக் கீழே பட்டத்தையும் போட்டேன். காதைப் பரிசோதிக்கும்படி கேட்டிருந்தேன். அதிலும் குவளை இல்லை. கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது, பரிசீலனையில் இருப்பதாக.

ஆகஸ்டு முப்பத்தொன்று ஞாயிற்றுக்கிழமை. மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்து முதல் ஆண்டு நிறைவு. பாடாங் திடலில் அணிவகுப்பு. என் மாணவர்களைக் கொடியோடு நிறுத்தி நானும் அங்கே நின்றேன். பேண்டு வாசித்தார்கள். திங்கட்கிழமையும் விடுமுறை. சனி முதல் திங்கள் வரை அந்த மூன்று நாளும் டாக்டர் யாரும் அந்தக் கோடி அறைப் பக்கம் போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. தூக்க மருந்து மட்டும் வேளாவேளைக்குத் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் பள்ளி நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது மக் காமாட்சி கறிக்குத் தேங்காய் துருவிக்கொண்டே ஒன்று கேட்டார். பால்காரம்மா ஏன் தினமும் ஒரு குவளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள்? யாருக்கும் பால் கொண்டுவருவதாகத் தெரியவில்லையே?

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மக் காமாட்சி அதே மருத்துவமனையில் பெண்கள் வார்டில் ஆயாவாக வேலை பார்த்தவர். பதினெட்டு வருஷ வேலை. கட்டில் துடைப்பார், படுக்கை மாற்றுவார், பாத்திரம் கழுவுவார். அவர் வீட்டில்தான் நான் எட்டு மாதமாகக் குடியிருந்தேன், அவர் சமைத்ததைத்தான் சாப்பிட்டேன். டாக்டரிடம் பேசினேன், கடிதம் எழுதினேன், தலைமையாசிரியரிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பத்து நாளில் மக் காமாட்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயாவுக்கு என்ன தெரியும், ஆயாவால் என்ன ஆகும் என்ற நினைப்புத்தான். பொன்னம்மாவுக்கோ அவர் அங்கே வேலை செய்வதே தெரியாது. சந்தை மலாயில் பால் கணக்குத் தவிர அவர்கள் இருவரும் அதிகம் பேசினதில்லை.

நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். குவளையைப் பற்றியும் சொன்னேன். அவரிடம் சொல்லக் கூச்சம் வரவில்லை. தேங்காய் துருவுவது நின்றது. மக் காமாட்சி தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். பத்து என்றேன். "அதுஹாய், சேகு" என்றார். அவ்வளவுதான். சேகு என்றால் வாத்தியார். முன்னது, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிற அடப்பாவமே.

மறுநாள் காலை அவர் பெண்கள் வார்டு வாளியைத் தூக்கிக்கொண்டு, கேட்டவர்களிடம் கோடி அறையைக் கழுவச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு ஆண்கள் வார்டுக்குள் போனார். தியாகு சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தான். உடம்பு கொதித்தது. தகரக் குவளையில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அவன் கையில் வைத்தார். கண்ணைத் திறக்காமலே அவன் அதைக் கொண்டுபோய் இடது காதுக்குப் பின்னால் வைத்தானாம். அங்கே கோழிமுட்டை அளவுக்கு வீங்கியிருந்தது. பத்து நாளாக அந்தப் பக்கத்தைத் தலையணையில் அழுத்திக் கிடந்தவனை யாரும் புரட்டிப் பார்க்கவில்லை.

மக் காமாட்சி மிசியை, அதாவது தாதியை, தேடிப் போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே வார்டு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "மிசி! மாரி சினி! டியா புன்யா தெலிங்கா!" தாதி ஓடிவந்தாள். இங்கே வந்து இவன் காதைப் பார் என்று ஓர் ஆயா தாதிக்கு உத்தரவு போட்டது அந்த மருத்துவமனையில் அதுவே முதல் தடவையாக இருக்கும். அனுமதி இல்லாமல் அடுத்த வார்டுக்குள் போனதற்கு அவருக்குப் பிறகு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதை வாசித்துச் சொல்லும்படி என்னிடம்தான் கொண்டுவந்தார்.

அன்று மத்தியானமே காதுக்குப் பின்னால் எலும்பைத் திறந்து சீழை எடுத்தார்கள். ஆனால் சீழ் உள்ளே இறங்கி மூளைச் சவ்வைத் தொட்டுவிட்டிருந்தது. பெனிசிலின் ஊசி இரவும் பகலும் போட்டார்கள். எல்லா மருந்தும், எல்லா அக்கறையும் அப்போது கிடைத்தன. பொன்னம்மாவைக் கட்டிலருகில் தரையில் படுக்கவும் விட்டார்கள். அதற்கு யாரும் விதியைக் காட்டவில்லை.

நான்காம் வாரத்தில் ஒருநாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. தியாகுவின் தாள்களை என் முன்னால் புரட்டினார். அறையில் பூட்டி வைத்திருந்த ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரே வரி: நோயாளி நலமாக இருப்பதாகச் சொல்கிறார், வலி இல்லை. கையெழுத்து மட்டும் மாறி மாறி இருந்தது.

"ஒரு தடவைகூட அவன் வலிக்குதுன்னு சொல்லலையே" என்றார் டாக்டர், தமிழில். அதுவரை அவருக்குத் தமிழ் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. சாக்குச் சொல்வது போல இல்லை அவர் குரல். தன்னையே கேட்டுக்கொள்வது போல இருந்தது. 'நல்லா இருக்கேன்' என்ற வார்த்தைக்குப் பின்னால் இருந்த லயத்துக் கதையை அப்போது சொன்னேன். அவர் வெகுநேரம் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

காது போய்விட்டது என்று முதலில் கண்டுபிடித்ததும் பொன்னம்மாதான். கட்டிலுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறாள். பிறகு குவளையில் கரண்டியால் தட்டியிருக்கிறாள். பிறகு பலமாகத் தட்டியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். தியாகு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். இடது காது மட்டுமல்ல, காய்ச்சலில் வலதும் போயிருந்தது.

நவம்பரில் வீட்டுக்கு வந்தான். முகத்தின் இடது பாதி தொங்கிவிட்டது. நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்தது. தூக்கைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். சுப்பையன் பின்னாலேயே போனார். தையல் இயந்திர வீட்டு வாசலில் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தியாகு தாண்டிப் போனான். புறாக் கூண்டைத் தாண்டினான். சந்து முனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சுப்பையன் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. "வா மச்சான்" என்று கையைப் பிடித்துத் தூக்கினார்.

பொன்னம்மா டாக்டரைத் திட்டி நான் கேட்டதில்லை. என்னையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒருநாள் கொட்டகையில் சொன்னாள்: "எங்கம்மா அவன் உசுரக் காப்பாத்தத்தான் தம்பி அதச் சொல்லிக் குடுத்துச்சு. தோட்டத்த விட்டு வந்தப்பறம் நாந்தான் அத மறக்கடிச்சிருக்கணும். சோத்தக் காட்டி வேற சொல்லிக் குடுத்திருக்கலாம். வலிக்குது ஐயான்னு. இப்ப எத வச்சுச் சொல்லிக் குடுப்பேன்? காதே இல்லியே." 'சார்' போய் 'தம்பி' ஆனது அன்றைக்குத்தான். அந்த உறவுக்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை.

ஒரு வருஷம் முயன்றாள். சோற்றை வைத்து, தன் வாயைக் காட்டி, 'வலிக்குது' என்று உதட்டை அசைத்துக் காட்டுவாள். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு சோற்றைப் பார்ப்பான். சோற்றுக்கு முன்னால் சொல்லவேண்டிய வார்த்தை அவனுக்குத் தெரியும். எழுந்து, கையைக் கட்டி, சாய்கிற உடம்பை நிமிர்த்தி அதைச் சொல்வான். தனக்கே கேட்காததால் கத்திச் சொல்வான். அடுத்த சந்து வரைக்கும் கேட்கும். பொன்னம்மா சோற்றைப் போட்டுவிடுவாள்.

நான் 1960-இல் செமாபோக்குக்குக் குடிமாறினேன். மக் காமாட்சி போன வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அந்த எச்சரிக்கைக் கடிதத்தைத் தவிர அவர் தாள்களில் வேறு குறை எதுவும் இல்லை. அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போவதற்கு முன் ஆண்கள் வார்டில் ஓர் ஒழுங்கு செய்தார்: பேசத் தெரியாத நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர், ஆணோ பெண்ணோ, இருக்கலாம். அவர் போன ஆறு மாதத்தில் அதுவும் போயிற்று. இப்போது பார்வை நேரம் நாலு முதல் ஆறு.

இதை எழுதுவது 1962 மார்ச்சில். தியாகுவுக்கு முப்பது வயது. காஜா பெராங்கில், கோவிலுக்குப் பின்னால், அக்காள் வீட்டில்தான் இருக்கிறான். மாட்டுக்குப் புல் நறுக்குகிறான், சாணம் அள்ளுகிறான். பால் ஊற்றப் போவதில்லை, பொன்னம்மா போகிறாள். இரண்டு காதும் கேட்காது. அலுமினியக் குவளை அவன் இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். கைலியில்தான் போனேன்.